எல்லா வண்டியும் வந்தாச்சு

காப்பியைக் குடி, தூரிட், ஆறிப்போகிறது. போலீஸ் உடுப்பில் வந்திருந்தாலும் எனக்கு நீ தபால்காரர் மகள்தான். உன் முதல் காருக்குக் கிளட்ச் மாற்றிக் கொடுத்தவன் நான். நீ கேட்பது ஒரே கேள்வி: என் மனைவி ஹால்டிஸ் எங்கே? மதியம் மலையேறியவள் அந்தப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்கிறாய். சொல்கிறேன். ஆனால் வண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும்.

இலைகள் உதிரும் சமயத்தில்தான் ஹால்டிஸின் டீசல் வேகனுக்குச் சீக்கு வந்தது. திங்கட்கிழமை மலையைத் தாண்டி ஆஸ்பத்திரி வேலைக்குப் போவாள், வாரம் முழுக்கத் தங்கையோடு இருப்பாள், வெள்ளிக்கிழமை திரும்புவாள். ஒரு வெள்ளிக்கிழமை முகம் சிவக்க வந்து இறங்கினாள்.

"மேட்டுல ஏறவே மாட்டேங்குது, ஓட்வார். லாரிக்காரனெல்லாம் பின்னாடி ஹார்ன் அடிச்சு மானத்த வாங்குறான். டர்போ போச்சா?"

"டர்போ போயிருந்தா நீ வீடு வந்து சேர்ந்திருக்க மாட்ட. சும்மா இரு, பார்க்கிறேன்."

அவசரக்காரன் டர்போவைக் கழற்றியிருப்பான். நான் முதலில் ஏர் ஃபில்டரைப் பார்த்தேன், ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவினேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, காற்று உள்ளே போகும் குழாயில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வண்டி துள்ளிக்கொண்டு மேடேறியது. பிடுங்கினால் நன்றாக ஓடுகிறது என்றால் சென்சார் பொய் சொல்கிறது என்று அர்த்தம். எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்வதுதான் அதன் வேலை. அது குறைத்துச் சொன்னால், கம்ப்யூட்டர் அப்படியே நம்பி டீசலையும் குறைத்துவிடும். எஞ்சின் நிற்காது; ஆனால் மேடும் ஏறாது. கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. அளக்கிறவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

புதுசு வந்து சேர அடுத்த வாரம் ஆகிவிட்டது. அதுவரை ஹால்டிஸ் வீட்டில் இருந்தாள். சாயங்காலம் வாஃபிள் சுட்டாள், சீட்டு விளையாடினோம், நான் தோற்றேன். "தோக்குறதுக்கும் ஒரு திறமை வேணும்ப்பா, அது உன்கிட்ட இருக்கு" என்று கேலி செய்தாள். எனக்கு அது போதும். உனக்குத் தெரியாது, தூரிட், வெள்ளிக்கிழமைதோறும் அவள் வண்டிச் சத்தம் கேட்கும்வரை நான் வாசலை விட்டு நகர மாட்டேன். கேட்காமலே போய்விட்டால் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில் நான் சரியாகத் தூங்கியே வருஷக்கணக்காகிறது. அந்த ஒரு வாரம் தூங்கினேன்.

புது சென்சாரை மாட்டினேன். பழையதைத் தூக்கிப்போடவில்லை. எந்த மெக்கானிக்தான் எதையும் தூக்கிப்போடுகிறான்?

பிறகு கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருமுறை பழையதை மாட்டிவிட்டேன். இரண்டு ஸ்க்ரூ, ஒரு கிளிப், அவ்வளவுதான் வேலை. வண்டி முதல் மேட்டிலேயே சோர்ந்துபோய் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. உதட்டைப் பிதுக்கி, "பார்ட்ஸ் வரணும்" என்றேன். ஜனவரியில் மறுபடியும். அவளுக்கு ஒரு கீறல்கூடப் படவில்லை என்பதைக் குறித்துக்கொள். நான் கேட்டது சில நாள்கள்தான்.

போன வாரம் அந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "இந்த ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சு கெடக்கே, மாசா மாசமா கழட்டி மாட்டுறீங்க?" என்று கேட்டிருக்கிறான். அன்று சாயங்காலம் ஹால்டிஸ் போன் செய்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

"சாமான எடுக்க சனிக்கிழம வரேன். நீ பட்டறையிலயே இரு. மேல வராத."

"ஏன் ஹால்டிஸ்?"

"பயமா இருக்கு, ஓட்வார். உன்னப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு."

களைப்பில் சொன்னாள். ராத்திரி டியூட்டி பார்க்கிறவர்கள் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள்.

இன்று காலை வந்தாள். மாடியில் அவள் பெட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் மேலே போகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். வண்டி முற்றத்தில் நின்றது. அவள் கீழே இறங்கி வந்தபோது நான் கையில் சுரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வண்டியத் தொட்டியா?"

"கண்ணாடியில பனி உறைஞ்சிருந்துச்சு, அதச் சுரண்டினேன். டீசலும் ரொப்பிட்டேன். போற வழியில குளிரக் கூடாதில்ல?"

அவள் என் கையையே பார்த்தாள். ஏறிக் கதவைச் சாத்தினாள். டேங்கை நிஜமாகவே ரொப்பியிருந்தேன், நீயே போய்ப் பார்க்கலாம்.

புயல் நாளில் மலைச்சாலையில் யாரையும் தனியாக விடமாட்டார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பருகே கார்கள் வரிசையில் நிற்கும். முன்னால் பனி தள்ளும் லாரி, நடுவில் கார்கள், கடைசியில் வால்வண்டி. யாருடைய கார் நின்றாலும் இறங்கக் கூடாது, ஓரமாக ஒதுங்கி, விளக்கை மினுக்கவிட்டு உள்ளேயே இருக்க வேண்டும், மேலே போன் எடுக்காது, வால்வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். ஹால்டிஸ் என்றைக்கும் விதிப்படி நடப்பவள்.

வால்வண்டியை நாங்கள் சிலபேர் முறைவைத்து ஓட்டுகிறோம்; சனிக்கிழமை முறை பிர்கருடையது. நேற்றே அவனிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன். "இந்தக் குளிர்ல நீயா கேட்டு வாங்குற? மூள உறைஞ்சு போச்சா?" என்றான். நல்ல பையன், அவனை இதில் இழுக்காதே.

அவள் பின்வரிசையில் இருந்தாள். லாரியின் பின்னால் ஊர்ந்து முதல் மேடுகளைச் சமாளித்த வண்டி, உச்சியை நெருங்கும் மேட்டில் நான் நினைத்த மாதிரியே சோர்ந்தது. முன்னால் போனவர்களின் விளக்கு பனியில் மறைந்தது. பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வால்வண்டி வருகிறதே என்ற தைரியம் அவர்களுக்கு. அவள் ஒதுங்கி நின்று விளக்கை மினுக்கவிட்டாள். நான் பக்கத்தில் நிறுத்தி இறங்கினேன்.

உள்ளேயிருந்து கையால் கண்ணாடியைத் துடைத்துச் சிரித்தாள். பிர்கர் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகம் தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்குப் போலாம், ஹால்டிஸ். திற."

"பிர்கர அனுப்பு. வேற யாரையாவது அனுப்பு. நீ போயிடு. தயவுசெஞ்சு போயிடு."

அவள் குரல் நடுங்கியது. டீசல் வண்டியில் உள்ளே சூடேறச் சற்று நேரம் பிடிக்கும்.

கொஞ்ச நேரம் நின்றேன். பின்பக்கம் புகைக்குழாய்வரை பனி ஏறிக்கொண்டிருந்தது; குழாய் அடைபட்டால் விஷப்புகை வண்டிக்குள்ளேயே திரும்பும் என்று அதைக் காலால் தள்ளிவிட்டேன். மறுபடியும் மூடியிருக்குமே என்று நீ யோசிப்பது உன் முகத்திலேயே தெரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? போகச் சொன்னாள், போனேன். அந்தப் பக்கம் இறங்கியதும் சாலைக் கண்காணிப்பு அறையிலிருந்து ரேடியோவில் கேட்டார்கள்.

"எல்லா வண்டியும் வந்தாச்சு, பின்னாடி யாரும் இல்ல" என்றேன்.

அவர்கள் நம்பினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

திரும்பும் வரிசைக்கும் நான்தான் வால். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். சாலையோரம் எல்லாம் ஒரே வெள்ளை. விளக்கு மினுங்கவில்லை. கோபம் தணிந்து அவளே அணைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் தணிந்த மனுஷியைத் தொந்தரவு செய்யக் கூடாது. வந்து காப்பி போட்டேன். சாலையை அடைத்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. அப்புறம் நீ வந்தாய்.

உட்கார், தூரிட். "எடத்தச் சொல்லுங்க, எடத்த மட்டும் சொல்லுங்க" என்று இப்படிக் கத்தினால் எனக்கு வார்த்தை வராது. நீ அழ வேண்டியதில்லை. உச்சிக்குச் சற்று முன்னால், பழைய குடிசை இருக்கிறதே, அதற்கு எதிரில் வண்டிகள் ஒதுங்கும் இடம். பனி தள்ளுகிறவர்களை எழுப்பு, மண்வெட்டி எடுத்துக்கொள்ளச் சொல். புது சென்சார் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது, சூடாகவே வைத்திருக்கிறேன். என்னையும் கூட்டிக்கொண்டு போ, அங்கேயே மாட்டிவிடுகிறேன், வண்டி முன்போலவே ஓடும்.

கண்ணாடியை மட்டும் உடைத்துவிடாதீர்கள். நான் வந்திருக்கிறேன் என்று அவளிடம் சொல், உடனே கதவைத் திறந்துவிடுவாள்.