துலுக்க நாச்சியாருக்குக் கோதுமை

யுத்த காலம். தென்னூர் தானியக் கடையில் வரிசை நகரவே இல்லை. எனக்கோ எரிச்சல். முன்னால் நின்ற கோட்டுக்காரர் வேறு பத்திரிகையை ஆட்டிக் கத்தினார்.

"உலகத்துல எல்லாச் சண்டைக்கும் மதந்தான் காரணம்! அதை ஒழிச்சாத்தான் விடியும்!"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கோதுமை இன்னும் ஒருத்தருக்குத்தான் வரும்."

வரிசையில் முதல் ஆள் தொப்பி போட்ட ராவுத்தர். அவருக்குப் பின்னால் நின்ற ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பதறிப்போனார்.

"கோயில் மடப்பள்ளியில துளி கோதுமை இல்லே. காலம்பற துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி அமுது பண்ணணுமே! ஒருநாளும் நின்னதில்லே."

"பெருமாள் கோயில்ல துலுக்க நாச்சியாரா?" கோட்டுக்காரர் சிரித்தார்.

"டில்லி சுல்தானோட பொண்ணுங்காணும். பெருமாளே கதின்னு வந்தவள்."

ராவுத்தர் விலகி வழிவிட்டார்.

"நீங்க வாங்கிக்குங்க சாமி. எங்க வீட்டுல இன்னிக்குக் கஞ்சி குடிச்சுக்கிறோம். எங்க பொண்ணு அங்க பட்டினி கிடக்கக் கூடாது."

பிறகு கோட்டுக்காரரிடம் திரும்பினார்.

"அந்தப் பெருமாள் சிலையைக் கொள்ளையடிச்சுட்டுப் போனவன் சுல்தான். அதைத் தேடி வந்தவ அவன் மக. அப்பனுக்கும் மகளுக்கும் மதம் ஒண்ணுதானுங்க. அப்புறம் சண்டை எதுலேருந்து வந்துச்சு?"

கோட்டுக்காரர் பத்திரிகையை மடித்துக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டார்.

ஐயங்கார் கோதுமையோடு போக, வரிசையில் நின்ற மற்ற நாங்கள் வெறும் பையோடு திரும்பினோம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.