'நில்' என்று சொல்லிவிட்டுப் போன வேன் அக்கா

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, துணைக்கு யாரும் வேண்டாம் என்று முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் தையல்கார மாமா அவர்களே, பேருந்துப் பணிமனைத் தோழர்களே, சக்கர நாற்காலிகளில் வந்திருக்கும் வண்டிக் கழக மாணவர்களே, அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரோரம் நிற்கும் உறவுகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச எழுந்தாலே அக்கா வாசலைப் பார்ப்பார். "மெக்கானிக் கையில மைக்கைக் குடுக்காதீங்க, பிரேக் இல்லாத வண்டி அது" என்பார். இன்று தடுக்க அவர் இல்லை. அவர் படம்தான் இருக்கிறது. அந்தப் படத்திலும் பாருங்கள், தலைமுடியில் வைக்கோல். கொஞ்சம் நல்ல படமாக வைக்கலாம் என்று வீடு முழுக்கத் தேடினோம். வைக்கோல் இல்லாத படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வண்டிக் கழகத்தின் நிறுவனர், குரல் வழிப் பயிற்சியாளர் என்றெல்லாம் அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறோம். அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஊருக்கே வேன் அக்கா. விரல் மூட்டுகள் வீங்கி, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் போனபோது, வேலையை அவராகவே விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவரோ கண்காட்சித் திடலில் வேண்டாம் என்று கழித்துவிட்ட ஒரு மட்டக்குதிரையை ஓட்டிவந்து, தையல் கடைக்குப் பின்னால் கட்டினார். அக்காவின் வீட்டுக்காரர், நம் தையல்கார மாமா, கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார். குதிரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கும் நான்தான் தைக்கணுமா?" என்றார்.

அவர்தான் தைத்தார். கழித்துக் கட்டிய பேருந்துகளின் சீட் பெல்ட்டுகளை நான் அறுத்துக் கொடுத்தேன். தீயணைப்புக் குழாயின் கிழிந்த துண்டுகளை மார்புப்பட்டைக்கு வைத்து, உள்ளே பழைய கம்பளியை மடித்துக் கொடுத்து, குதிரையின் தோலில் ஓர் இடத்திலும் உராயாதபடி மாமா ஒரு சேணம் தைத்தார். கடையில் விற்கிற சேணத்தின் விலையைக் கேட்டுவிட்டு வந்த நாளில்தான் எங்களுக்கு இந்த ரோஷம் வந்தது. வண்டிக்கு ஸ்கூட்டர் சக்கரம், பேருந்து இருக்கை, பின்னால் சக்கர நாற்காலி ஏறுவதற்கு மடக்குப் பலகை. எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியவை. ஆனால் பிரேக் மட்டும் புதிது. "மத்த எதுல வேணா மிச்சம் பிடி, இதுல பிடிக்காதே" என்று அக்கா என் தலையில் குட்டாத குறையாகச் சொன்னார்.

ஏன் குரல்? குதிரையைக் கடிவாளத்தால் ஓட்டுவதுதானே உலக வழக்கம்? அக்காவின் கைகளுக்கு இழுக்கத் தெம்பு இல்லை. "வாய் நல்லாத்தானே இருக்கு. வாயாலயே ஓட்டிக்கறேன்" என்றார். அவர் தனக்காகத் தொடங்கியது அது. தன்னைப் போல் கை வராதவர்கள், கால் வராதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள் என்பது வண்டியில் தெருத் தெருவாகப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. சன்னல்களில் முகங்களைப் பார்த்திருக்கிறார். அப்படி வந்ததுதான் நம் கழகம்.

அந்தக் குதிரையின் பெயர் வட்டம். காரணப் பெயர். கண்காட்சியில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு வருஷக்கணக்காக இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. வலப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. முதல் தடவை தெருவில் ஓட்டியபோது இடது, மறுபடி இடது, மறுபடி இடது என்று திரும்பி முடிவெட்டும் கடை வாசலிலேயே வந்து நின்றது. மறுநாளும் அங்கேதான். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து, "அக்கா, அதுக்கு வெட்டணுமா, உங்களுக்கா?" என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. வண்டியைக் கழற்றிவிட்டு, துணி காயப்போடும் கயிற்றை நீளமாகக் கட்டி, குதிரைக்குப் பின்னால் மைதானத்தில் நடக்கத் தொடங்கினார். பழைய டயர் ஒன்றை இழுக்கப் பழக்கினார். சத்தத்துக்கு மிரளாமல் இருக்க, அந்த டயரில் காலி டப்பாக்களைக் கட்டிவிட்டார். மைதானத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பட்ட பாட்டை நான் சொல்லப் போவதில்லை. அவர்களும் இங்கே வந்திருக்கிறார்கள்.

அக்காவின் பாடம் சின்னது. ஒரு வேலைக்கு ஒரு சொல். 'நட.' 'நில்.' 'வலம்.' 'இடம்.' வேலையெல்லாம் முடிந்து சேணத்தைக் கழற்றியபின் 'ஆச்சு.' அவ்வளவுதான். என்னால் அது முடிந்ததில்லை. "நடடா, கிளம்புடா, என் தங்கம், நேரமாச்சுல்ல" என்று நான் சொல்ல, வட்டம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அசையாமல் நிற்கும். "நீ அதுகிட்டப் பேசாதே. அதுக்குத் தலை வலிக்கும்" என்று அக்கா என்னை ஒதுக்கி வைத்துவிட்டார். எனக்கு வேறு வேலை கொடுத்தார். 'நில்' என்று அவர் சொன்னதும், நான் போய்க் குதிரையைக் கெடுக்க வேண்டும். கேரட்டை நீட்ட வேண்டும். குடையை விரிக்க வேண்டும். கடிவாளத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். எதற்கும் அது நகரக் கூடாது. ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டேன்.

"பலகையில ஒருத்தர் பாதி ஏறியிருக்கும்போது எவனாவது வந்து பிடிச்சு இழுத்தா? அவங்க கதி என்ன?" என்றார். "நில்லுன்னா நில்லுதான். பழகின குரல் வந்து நடன்னு சொல்ற வரைக்கும் நிக்கணும்."

நண்பர்களே, இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாட்பாரம் ஐயாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதோ, மாமாவுக்குப் பின்வரிசையில் இருக்கிறார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் குரலைக் கேட்டு ஓடி ரயில் பிடிக்காதவர் இந்தக் கூடத்தில் யார்? பக்கவாதம் வந்தது. காலும் கையும் பாதி திரும்பி வந்தன, பேச்சு வரவில்லை. சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது குழைந்த ஓர் ஓசை. அத்தனை அழகாகப் பேசிய மனிதர் அந்த ஓசையை யார் காதிலும் விழ விடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவியிடம்கூடப் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைத் தட்டுவார்.

அக்கா அவரை மைதானத்துக்கு அழைத்து வந்தபோது, எனக்கே சந்தேகம். "அக்கா, இவர் சொல்றது நமக்கே புரியலையே, குதிரைக்குப் புரியுமா?" என்றேன். அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அதுக்குத் தமிழ் தெரியுமா என்ன? சொல்லு தெளிவா இருக்கணும்னு அது கேக்கல. மாறாம இருக்கணும்னுதான் கேக்குது."

முதலில் ஐயா தன் ஓசையைச் சொல்வார். பின்னாலேயே அக்கா 'நட' என்பார். குதிரை நடக்கும். ஐயா, பிறகு அக்கா. ஐயா, பிறகு அக்கா. இப்படியே போய், ஒருநாள் அக்கா தன் சொல்லைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். ஐயா மட்டும் சொன்னார். வட்டம் நடந்தது. ஐயாவின் முகத்தை அன்று நான் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிச் சேணத்தில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்.

மற்ற சொற்களையும் இப்படியே பழக்கினார்கள். ஆனாலும் ஐயா பேசியது குதிரையிடம் மட்டும்தான், மைதானத்தில் மட்டும்தான். நான் கிட்டே போனால் நிறுத்திவிடுவார்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள், சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐயாவை உடற்பயிற்சி சிகிச்சை நிலையத்திலிருந்து கூட்டிவர அக்கா வண்டியோடு போனார். வாசலில் 'நில்' என்றார். இறங்கினார். மதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்படியே சரிந்தார். உள்ளே இருந்தவர்கள் ஓடிவந்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, ஐயாவோடு உள்ளே இருந்த அவர் மனைவி அக்காவுக்குத் துணையாக ஏறிக்கொண்டார். போய்விட்டார்கள்.

வட்டம் நின்றது.

எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு வண்டி நிற்கிறது. பின்னால் லாரிகள், ஹாரன் சத்தம். போக்குவரத்துக் காவலர் இழுத்துப் பார்த்தார். மருத்துவர் அம்மா வந்தார்; அவர் கையிலிருந்து வெல்லம் தின்று பழகிய குதிரை அது, அவரைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. வண்டியைக் கழற்றிப் பார்த்தோம். கழற்றின இடத்திலேயே நின்றது. நானும் கேரட்டை நீட்டினேன். என்னைக் கண்டதும், 'இவன் வழக்கம் போல நம்மைக் கெடுக்க வந்துவிட்டான்' என்று இன்னும் விறைப்பாக நின்றது. அக்கா கற்றுக் கொடுத்தது அது. எவ்வளவு நன்றாகக் கற்றுக் கொடுத்திருக்கிறார் என்று அங்கே நின்று அழுதேன். நனைந்துகொண்டே, காதை ஆம்புலன்ஸ் போன திசையில் வைத்துக்கொண்டு, அது அவர் குரலுக்காகக் காத்திருந்தது.

அப்போது சிகிச்சை நிலையத்தின் உள்ளேயிருந்து கண்ணாடிக் கதவை யாரோ அடிக்கிறார்கள். ஐயா. நாங்கள் அத்தனை பேரும் அவரை மறந்தேவிட்டோம். பேசாதவர்தானே என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நல்ல கையால் கதவை அடித்து, சக்கர நாற்காலியைத் தள்ளும்படி பணியாள் ஒருவருக்குச் சைகை காட்டி வெளியே வந்தார். வண்டியைக் காட்டினார். பூட்டினோம். பலகையை இறக்கினோம். ஏறினார். தெரு முழுக்க ஆட்கள். லாரிக்காரர்கள் இறங்கி நிற்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த ஊர் முழுக்கக் கேட்ட வாய், அதற்குப் பிறகு யார் முன்னும் திறக்காத வாய். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் குழைந்த ஓசையை, நிலையத்தில் ரயிலை அறிவிக்கிற அதே நிதானத்தோடு சொன்னார்.

வட்டம் நடந்தது.

நான் பக்கத்தில் நடந்தேன். கடைத்தெருவில் வலம் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் சொன்னார், அது வலம் திரும்பியது. முடிவெட்டும் கடைக்காரர் வாசலில் நின்று வாயில் கைவைத்துப் பார்த்தார். தையல் கடைக்குப் பின்னால் சேணத்தை நான் கழற்றினேன். பலகை வழியாக இறங்கிய ஐயா அதன் தலையருகே வந்து இன்னொரு ஓசையைச் சொன்னார். 'ஆச்சு.' வட்டம் தலையைத் தாழ்த்தி வைக்கோலில் வாய் வைத்தது. அந்த நேரத்தில்தான் மாமா மருத்துவமனையிலிருந்து போன் செய்தார். அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்பர்களே, நேற்று காலை வரைக்கும் நம் செயற்குழுவில் ஒரு பேச்சு இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அக்கா இல்லை. குதிரைகள் அவர் குரலுக்குப் பழகியவை. இருக்கிற மாணவர்களோடு கழகத்தை முடித்துக்கொண்டு, வட்டத்தையும், பாதிப் பயிற்சியில் நிற்கிற நம் இரண்டாவது குதிரை குட்டையனையும் ஏதாவது நல்ல பண்ணைக்கு அனுப்பிவிடலாம் என்பதே அந்தப் பேச்சு. புதிதாக வருகிறவருக்கு யார் கற்றுக் கொடுப்பது? நியாயமான கேள்விதான்.

ஐயாவின் மனைவி எழுந்தார். "இவரு விடிஞ்சதுலேருந்து செருப்பை எடுத்து எடுத்துக் காட்டறாரு. மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போன்னு அர்த்தம். நேத்து ராத்திரி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. பேரு மாதிரியே இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

கூட்டத்தில் யாரும் அதற்கு மேல் பண்ணையைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே இந்த மேடையில் சொல்கிறேன். கழகம் நடக்கும். புதிதாக வருகிறவர் முதலில் தம் சொல்லைச் சொல்வார், பின்னாலேயே ஐயா தம் சொல்லைச் சொல்வார். அக்கா ஐயாவுக்குச் செய்ததை ஐயா அடுத்தவருக்குச் செய்வார். குட்டையனுக்கு 'வலம்' இன்னும் சரியாக வரவில்லை. அதுவும் ஐயாவின் பொறுப்பு. மருத்துவர் அம்மா குளம்புகளைப் பார்த்துக்கொள்வார். மாமா தைப்பார், கேட்டேன், தலையை ஆட்டினார். நான் வண்டிகளைப் பார்த்துக்கொள்வேன். குதிரைகளிடம் பேச மாட்டேன். இது அக்காவின் படத்துக்கு முன்னால் நான் தருகிற வாக்கு. இதைவிடக் கஷ்டமான வாக்கை நான் யாருக்கும் தந்ததில்லை.

கடைசியாக ஒன்று. வழக்கப்படி நாம் எழுந்து மௌனமாக நிற்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நான் போதும் என்று சொல்ல வேண்டும். இன்று அப்படி வேண்டாம். அக்கா 'நில்' என்று சொல்லிவிட்டுப் போனவர். நாம் எல்லோரும் அன்றிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறோம். எழ முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். முடியாதவர்கள் இருந்த இடத்தில் நிமிர்ந்திருங்கள்.

இந்த மைக்கைப் பிளாட்பாரம் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் கேட்டு வாங்கியது இது. இரண்டு சொல் சொல்லப் போகிறார். தெளிவாக இருக்காது. தெளிவாக இருக்க வேண்டியதும் இல்லை. முதல் சொல் அக்காவுக்கு, 'ஆச்சு.' இரண்டாவது சொல் நமக்கு. அது வந்த பிறகு யாரும் நிற்கக் கூடாது.

ஐயா, சொல்லுங்கள்.