தொண்டைக்குத் தேன்

"உங்க மகன் தொண்டைக்குத் தேன் கொண்டு போறேன், ராவுத்தரே."

மதுரை ரயிலில் எனக்கு எதிரே இருந்த வருசநாட்டு விவசாயி ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்த உத்தமபாளையத்து வியாபாரி விழித்தார்.

"அவன் தொண்டைக்கு என்னண்ணே?"

"எம்மகனுக்குக் கண்ணு தெரியாதுல்ல. பி.ஏ.வுல தத்துவம்னா காதால கேட்டே படிச்சுக்கிரலாம்னு காலேஜுல சேத்துக்கிட்டாக. கூடப் படிக்கிற உங்க மகன்தான் புத்தகம் பூராவும் வாசிச்சுக் காட்டுறான். தொண்டை கட்டிப் போகுதாம்."

ராவுத்தர் குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் மடியிலேயே திருப்பி வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் குடுங்கண்ணே. எம்மகன் வாசிக்கிறதோட சரி. வாசிச்சது என்னன்னு அவனுக்கு வெளங்க வைக்கிறது உங்க மகன். இல்லாட்டி போன பரீச்சையோட ஊருக்குத் திரும்பியிருப்பான்."