பக்கத்து ரூம் பதில்

— உட்காரு கண்ணு மொதல்ல. வந்ததுலேருந்து போனைக் காதை விட்டு எடுக்கலையே நீ! அப்பன் இன்னையிலேருந்து குடியேற்றத் துறைக்கே தலைமை அதிகாரி. ஒரு வாழ்த்துச் சொல்லக் காணோம்.

— வாழ்த்துகள்ப்பா. நானும் ஒரு நல்ல சேதி சொல்லத்தான் பஸ் புடிச்சு வந்தேன். ஒரு போன் வரணும், வந்ததும் சொல்றேன்.

— உன் சேதி எங்க ஓடிடப் போகுது? எஞ்சேதியைக் கேளு. இன்னைக்குக் காலையிலகூட ஒரு பொய்க் கல்யாணத்தைப் புடிச்சேன்டி.

— பொய்க் கல்யாணமா?

— புதுசா கேக்கற மாதிரி கேக்கறே! வெளிநாட்டுலேருந்து வந்தவன், இங்க தங்கறதுக்குக் காகிதம் வேணும்னு, ஒரு உள்ளூர்ப் பொண்ணைக் கட்டிக்கிட்ட மாதிரி நடிக்கிறது. சின்னதுலேருந்து உனக்குச் சாப்பாட்டோட சேர்த்து ஊட்டின கதைதானே? காலையில வந்தவனை ஒரு ரூம்ல நான் கேட்டேன். அவளைப் பக்கத்து ரூம்ல புதுசா சேர்ந்த ஆபீசரம்மா கேட்டாங்க. ஒரே கேள்விங்க.

— நீங்க... அவளைப் பார்க்கலையாப்பா?

— பார்க்கவே மாட்டேன். காகிதத்துல பேர் இருக்கற இடத்தைக்கூட மடிச்சு வச்சுட்டுத்தான் பதிலைப் படிப்பேன். மூஞ்சியைப் பார்த்தா இரக்கம் வந்துடும், அதோட முடிஞ்சுது கதை. இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பய என்னைக் கைநீட்டிக் குறை சொன்னதில்லைன்னா, சும்மாவா?

— என்ன... என்ன சொன்னாங்க ரெண்டு பேரும்?

— அங்கதான் கூத்தே! வீட்டுல எந்தக் குழாய் ஒழுகுதுன்னா, ரெண்டு பேரும் சமையலறைக் குழாய். யாரு குறட்டை விடுவாங்கன்னா, ரெண்டு பேரும் அந்தப் பொண்ணைத்தான் சொல்றாங்க. ஒண்ணுகூடப் பிசகலை!

— பிசகலைன்னா நிஜம்தானேப்பா?

— அட மக்கு! நிஜப் புருஷன் பொண்டாட்டின்னா ஒண்ணாவது இடிக்கும். என்னையும் உங்கம்மாவையும் கேட்டுப் பாரேன், கல்யாணத் தேதியிலயே சண்டை வரும். எல்லாம் ஒத்துப்போச்சா, அப்ப மனப்பாடம். என் கணக்கைத்தான் டிபார்ட்மென்ட்டே இப்போ பாடமா நடத்துது.

— எதுவும் தப்பிடக் கூடாதேன்னு பயந்து, உட்கார்ந்து பேசி வச்சிருப்பாங்கப்பா. நிஜமா வாழறவங்களுக்கும் பயம் இருக்காதா?

— மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?

— அவர்... அவன் எங்கே இப்போ?

— மத்தியானமே பிளேன் ஏத்தியாச்சு. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது. என்னடி, முகமெல்லாம் வெளிறிப் போச்சு? இந்தா, தண்ணியைக் குடி.

— வேணாம். கடைசியா என்ன கேட்டீங்க? சொல்லுங்கப்பா.

— வேறென்ன, என் முத்திரைக் கேள்விதான். 'உன் பொண்டாட்டி யாருக்கு ரொம்பப் பயப்படுவா?' அந்தப் பய நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தான். அப்புறம் மெதுவா, 'அவங்க அப்பாவுக்கு'ன்னான். எனக்குச் சிரிப்பு தாங்கலை. பாவம், எந்த அப்பனோ, மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இருக்கறதே தெரியாம இருக்கான்!

— அதுக்கு அவ என்ன சொல்லியிருந்தா?

— யாரு பார்த்தா? அதுக்குள்ள முடிவு பண்ணிட்டேனே.

— அந்த அப்பா பெரிய பதவியில இருந்தா? மகளுக்காகச் சட்டத்தை வளைச்சாருன்னு அவரை யாரும் ஒரு வார்த்தை பேசிடக் கூடாதேன்னு, காகிதம் கைக்கு வர்ற வரைக்கும் மறைச்சிருந்தா?

— ஏய், ஏன்டி அழறே? அவளைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?

— அவளும் அதையேதான்ப்பா சொன்னா. 'எங்கப்பாவுக்கு'ன்னு சொன்னேன்.