உரிக்காத கவர்

வேலை கேட்டு ரயிலில் கோவண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வடாலாவில் ஏறிய கணவனும் மனைவியும் எதிரே உட்கார்ந்தார்கள். அவர் கையில் ஒழுகல் அடைக்கும் சிலிக்கான் பசை டியூப்.

“சிலிக்கான் நல்லாத்தான் ஒட்டிருக்கு. கூரையில போட்ட பிளாஸ்டிக் ஷீட்டுலதான் ஒட்டல,” என்றாள் அவள்.

“புளிச்ச வாடை அடிக்காத சிலிக்கான்தான் இந்த ஷீட்டுக்கு ஆகும்னு கடையில கேட்டுல்லா வாங்குனேன்?”

“ஷீட்டு மேல ஒட்டி வந்த கவரை உரிக்காம அது மேலயே பூசிட்டீங்க. மழைக்கு ரெண்டும் சேந்து கழண்டுட்டு.”

“புதுசா இருக்கட்டும்னு விட்டேன். நீ ஃபிரிட்ஜ் கவரை உரிச்சியாக்கும்?”

“ஃபிரிட்ஜ் ஒழுகாதுல்லா. நாளைக்கு மக பச்சப்பிள்ளையோட வாரா. தொட்டில் கட்டுற இடத்துல சொட்டுது.”

சுனாபட்டி ஸ்டேஷன் வந்தபோது அவர் டியூப்பைத் திருப்பிப் பார்த்தார்.

“உரிச்சா புதுசு போயிருமேட்டி.”

“போகட்டும். தொடச்சு, காயவிட்டுப் பூசுங்க. வீட்டுல இனி பேத்திதான் புதுசு.”