சத்தமாக ஓடும் பம்ப்

திருத்தணிக்குக் கடலைக் கொண்டுவந்தவன் நான். நீளம் நான்கடி, அகலம் ஒன்றரை. ஹாலில் டிவிக்கு எதிரே வைத்திருக்கிறேன். மலைக்கு வரும் சொந்தக்காரர்கள் சாமி கும்பிட்ட கையோடு வந்து அதையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்போது இரண்டு மீன்கள் இருந்தன.

உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு உயிரே பம்ப்தான். வடிந்து கீழ்த்தொட்டிக்கு இறங்கும் தண்ணீரை அது மறுபடி மேலே ஏற்ற வேண்டும். எவ்வளவு உயரம், மணிக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்து வாங்குவார்கள். நான் கூடுதலாக இன்னொன்றும் பார்த்தேன்.

அடுத்த அறையில் என் அண்ணன் கஜபதி படுத்த படுக்கையாக இருந்தார். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அவரிடம் மிஞ்சியவை இரண்டே வார்த்தைகள். ஒன்று தண்ணி. மற்றது என் பெயர், கங்கா. ஒரு நாளைக்கு நாற்பது முறை கூப்பிடுவார். போய் நின்றால் பாதி நேரம் எதுவும் வேண்டியிருக்காது. முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நான் தாலுகா ஆபீசில் முப்பது வருடம் ஆட்களைக் காக்க வைத்தவன். கூப்பிட்டதும் ஓடிப் பழக்கமில்லை.

கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் அசோக்குமார் ஒரு பம்ப்பை எடுத்துக் காட்டினான். "ஓடுதா இல்லியான்னே தெரியாது சார்."

இதைவிடச் சத்தமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"சத்தம் வர்துன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போவாங்க. நீங்க இன்னாடான்னா தேடிகினு வர்றீங்க," என்று சிரித்தான். யாரோ திருப்பிக் கொடுத்திருந்த ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்தான். ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

மனைவி சுஜாதா பொதட்டூர்பேட்டையில் டீச்சர். சாயந்திரம்தான் வருவாள். "மாவு மிஷினு மாரி கீதுங்க. பாவா கூப்ட்டா உங்களுக்கு எப்பிடிங்க கேக்கும்?" என்றாள். அண்ணனை அவள் பாவா என்பாள். நியாயமான கேள்வி. அண்ணன் அடித்துக் கூப்பிட ஒரு மணி வாங்கி வைத்தேன். மேசை வலது கைப்பக்கம் இருந்ததால் அந்தப் பக்கம் வைத்தேன்.

இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் காலை சாப்பிட்ட இட்லி தொண்டையில் அடைத்து அண்ணன் இறந்துபோனார். உங்களுக்கு முன்பிருந்த ஆய்வாளர் முறையாகவே விசாரித்தார். பம்ப்பை ஓடவிட்டு, ஒரு காவலரை அண்ணன் கட்டிலில் படுக்க வைத்துக் கத்தச் சொன்னார். ஹாலில் எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மீன்களும் இப்போது இல்லை. பம்ப் மட்டும் ஓடுகிறது. நிறுத்தினால் கூப்பிடுகிறார். போன வாரத்திலிருந்து அது ஓடும்போதும் கேட்கிறது. அதனால்தான் வந்தேன்.

பழைய வாக்குமூலத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று. அன்று ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பது மணியிலிருந்து கரன்ட் இல்லை. பம்ப் ஓடவில்லை. தண்ணி என்று ஆறு முறை கூப்பிட்டார். அதன் பிறகு என் பெயரை மட்டும்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கரன்ட் போனால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். இல்லையென்றால் மீன்களுக்கு மூச்சு முட்டும். மொள்ள எதுவும் கையில் அகப்படவில்லை.

அண்ணன் தண்ணீர் குடிக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.