முப்பதடியில் தொடங்கிய சுறா

— முப்பதடி. குறைச்சு எழுதிடாதம்மா, பாவம் அது.

— முப்பதடின்னா இந்தக் காவல் கோபுரத்தைப் படுக்க வச்ச நீளம், சார்.

— நான் முப்பத்தோரு வருஷம் பஸ்ல கண்டக்டரா நின்னவன். ஒரு பார்வை போதும். பின் சீட்டுலேருந்து டிரைவர் முதுகு வரைக்கும் அப்படியே இருந்தது. நாப்பது பேர் உட்காரலாம், பத்து பேர் தொங்கிட்டு வரலாம்.

— எங்க பார்த்தீங்க?

— மஞ்சள் மிதவைக்கு இந்தப் பக்கம். எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சாண்தான்.

— ஒரு சாண்.

— சரி, ஒன்றரைச் சாண்னு எழுது. எனக்குக் கூட்டிச் சொல்றது பிடிக்காது.

— மஞ்சள் மிதவைகிட்ட இப்ப உங்க மச்சினர் நீந்திட்டிருக்காரு. கூட ஏழு பேர். முப்பதடிச் சுறாவை அவங்க தலையில கட்டிட்டு, சொட்டச் சொட்ட அறுபது படி ஏறி வந்து என்கிட்ட ஃபாரம் கேக்கறீங்க.

— அவனுக்கென்ன, பல் டாக்டர். அது வாயைத் திறந்தா எண்ணிப் பார்த்துட்டு வருவான்.

— சார்.

— கீழ பலகையில அவன் பேருக்கு நேரா எத்தனை கோடு? சொல்லு பார்ப்போம்.

— இருபத்து மூணு.

— எனக்கு?

— உங்க பேரு அதுல இல்ல. சுறாவைப் பார்த்தவங்க பேரைத்தானே எழுதுவோம்.

— பதினோரு வருஷமா இங்க நீந்தறேம்மா. காய்ச்சலோட இறங்கியிருக்கேன். அவன் வந்து ஆறு வருஷம். கூட்டிட்டு வந்ததே நான். முழங்கால் தண்ணியில அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பய. இப்ப என்னடான்னா, நீந்தி முடிச்சதும் பார்த்தவங்கள்லாம் அந்த நீள பெஞ்சுல உட்கார்ந்து டீ குடிக்கிறாங்க. பார்க்காதவன் நின்னுக்கிட்டுக் குடிக்கணும். பார்க்காதவன் யாரு? நான் ஒருத்தன். வேலையில இருந்தப்பவும் நின்னேன், ரிட்டயர் ஆகியும் நிக்கறேன்.

— உட்காருங்களேன், யாரு வேண்டாங்கறாங்க.

— மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல. வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி, "என் தம்பி இன்னிக்கும் பார்த்தானாமே"ன்னு கேட்டுக்கிட்டே தட்டை வைக்கிறா. அந்தச் சத்தத்துலயே எனக்குப் பசி போயிடுது.

— சரி, கேளுங்க. முப்பதடின்னு எழுதினா நான் இப்பவே ஊதல் அடிச்சு எல்லாரையும் கரையேத்தணும். சிவப்புக் கொடி. பத்து நாளைக்கு யாரும் கடல்ல கால் வைக்க முடியாது.

— பத்து நாளா?

— பத்தடிக்கு மேல எதுவா இருந்தாலும் பத்து நாள்.

— அலையில கொஞ்சம் நீளமாத்தான் தெரியும். பதினெட்டு போடு.

— பதினெட்டும் பத்துக்கு மேலதான்.

— பன்னெண்டு.

— இது பேரம் பேசற இடமில்ல, சார்.

— ஒன்பதே முக்கால். இதுக்குக் கீழ இறங்கினா எனக்குக் கட்டுப்படியாகாது.

— அதுக்கு மூணு நாள்.

— எட்டு?

— ஒரு நாள்.

— அஞ்சுக்கு என்ன?

— அஞ்சுக்கு ஒண்ணுமில்ல. பலகையில ஒரு கோடு, அவ்வளவுதான்.

— அஞ்சு. ரைட். கையெழுத்து எங்க?

— யோசிச்சுப் போடுங்க. பொய்னு தெரிஞ்சா அப்புறம் உங்க பேரு அந்தப் பலகையில என்னிக்குமே ஏறாது. என்ன நிறம்?

— சுறா நிறம்.

— முதுகுல அடையாளம் ஏதாவது?

— சேச்சே. நல்ல குடும்பத்துச் சுறா, சுத்தமா இருந்தது.

— இங்க வர்ற சுறாவுக்கு முதுகுத் துடுப்புல ஒரு துண்டு பிஞ்சிருக்கும் சார். எங்க எல்லாருக்கும் தெரியும்.

— கிழிச்சிடு.

— சார்...

— கிழிச்சுப் போடும்மா. நான் பார்க்கல. பதினோரு வருஷத்துல ஒரு வால் நுனி கூடப் பார்க்கல. எல்லார் கண்ணுக்கும் படுது, நேத்து சேர்ந்தவன் கண்ணுக்கும் படுது. என்கிட்ட மட்டும் என்ன நாறுதா?

— நான் ஒண்ணு சொல்வேன். பயப்படக் கூடாது.

— இதுக்கு மேல என்ன இருக்கு? சொல்லு.

— நீங்க எப்பவும் மல்லாந்துதான் நீந்துவீங்க.

— வானத்தைப் பார்த்துட்டே போனா மச்சினன் மூஞ்சி தெரியாது.

— அது உங்களுக்கு நேர் கீழ வருது சார்.

— எது?

— சுறா. நீங்க இறங்கினதும் பாறை ஓரத்துலேருந்து கிளம்பும். ரெண்டாள் ஆழத்துல, உங்க நிழலுக்குள்ளேயே வரும். நீங்க திரும்பினா அதுவும் திரும்பும். நான் இந்தக் காவல் வேலைக்கு வந்து அஞ்சு வருஷமா பைனாகுலர்ல பார்க்கறேன். கடிக்கிற ஜாதி இல்ல. ஆனா நீங்க பயந்து கையைக் காலை உதறினா என்ன பண்ணுமோ தெரியாது. அதான் யாரும் வாயைத் திறக்கல.

— அப்ப என் மச்சினன்?

— உங்களை ஒட்டி நீந்தினாத்தான் அவருக்கு அது தெரியும். தனியா மூணு நாள் போய்ப் பார்த்தாரு, வரல. ஒரு நாள் இதே நாற்காலியில உட்கார்ந்து, "அத்தான்கிட்ட மட்டும் அப்படி என்ன இருக்கு"ன்னு கேட்டாரு. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

— கலங்கிச்சா?

— ஆமா சார்.

— நல்லாக் கலங்கிச்சா?

— பயப்படாதீங்கன்னு சொன்னேனில்ல. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— தண்ணி கிடக்கட்டும். நான் இங்க உட்கார்ந்திருக்கேன், அவன் அங்க நீந்தறான். அந்த பைனாகுலரை எடுத்துப் பார்த்துச் சொல்லு, இப்ப அது யாருக்குக் கீழ போகுது?